அராத் நகரத்துக் காற்று

இரண்டு கைபேசிகளும் ஒரே நொடியில் அலறின. ஒன்று சமையல் மேடையில், இன்னொன்று சோபா இடுக்கில். சந்திரகலா திரையைப் பார்க்கவே இல்லை. நவம்பர் மாதம், காலையிலிருந்து வடக்கே இருந்து அனல் காற்று, மேற்கே கறுத்துக்கொண்டு வரும் வானம். அந்த அலறலுக்கு ஒரே அர்த்தம்தான். இடிமழை ஆஸ்துமா எச்சரிக்கை.

அடுப்பை அணைத்தாள். கூடத்து ஜன்னல்களை இழுத்துச் சாத்தினாள். அதற்குப் பிறகுதான் வாசலில் புல்வெட்டி ஓடும் சத்தம் அவளுக்கு உறைத்தது. பாஸ்கர் வெளியே நின்று நேச்சர் ஸ்ட்ரிப்பை வெட்டிக்கொண்டிருந்தான். வீட்டுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஓடும் அந்தப் புல்பட்டை நகராட்சிக் கவுன்சிலுக்குச் சொந்தம். அதை வெட்டுகிற பாடு மட்டும் வீட்டுக்காரருக்கு.

செருப்புகூடப் போடாமல் ஓடினாள். பாட்டுக் கேட்டுக்கொண்டு நின்றவனின் தோளைப் பிடித்து இழுத்தாள். அவன் மேற்கே பார்த்தான், இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்தான். அவள் கதவைச் சாத்தி, அடியில் ஈரத்துண்டைச் சுருட்டி வைத்து, மூச்சுத் திணறலுக்கு உறிஞ்சும் நீல நிற பஃபரை அவன் கையில் திணித்தாள்.

"நல்லாத்தான் இருக்கேன், கலா."

"எட்டு வருஷம் முன்னாடியும் இதையேதான் சொன்னீங்க."

அவன் பஃபரை வாயில் வைத்து உறிஞ்சினான். திருச்சியில் இருந்த வரையில் தும்மல்கூட அறியாத மனிதன். மெல்பர்ன் வந்து பாயின்ட் குக்கில் வீடு வாங்கிய மூன்றாவது வசந்தத்தில், 2016 நவம்பரில், அந்தப் புயல் வந்தது. சுற்றியுள்ள புல்வெளிகளில் முற்றிக் கிடந்த ரை புல்லின் மகரந்தம் மேலே போய், ஈரத்தில் உடைந்து, பொடிப்பொடியாகத் திரும்பவும் நகரத்தின் மேல் இறங்கியது. ஒரே மாலையில் ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுக்குத் தவித்து ஆஸ்பத்திரிகளுக்கு ஓடினார்கள். பத்துப் பேர் பிழைக்கவில்லை. பாஸ்கரின் உதடு நீலம் பூத்தபோது அவள் ஆம்புலன்ஸை அழைத்தாள். வரத் தாமதமாகும் என்றார்கள். எதிர்வீட்டு செல்வரட்ணம் அங்கிள்தான் தன் பழைய வேனைக் கிளப்பி, அவனைப் பின்சீட்டில் கிடத்தி, சிவப்பு விளக்குகளை மதிக்காமல் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார்.

அதற்குப் பிறகு நடந்த தோல் பரிசோதனையில் பாஸ்கரின் முன்கையில் இரண்டு இடங்கள் கொப்பளித்துச் சிவந்தன. ஒன்று ரை புல். இன்னொன்று ஆலிவ்.

அன்றைய புயல் தெற்கே விலகிப் போய்விட்டது. மறுநாள் காலையில் தபால் பெட்டியில் கவுன்சிலின் கடிதம் கிடந்தது. அவர்களுடைய கோர்ட்டில், அதாவது அந்த முட்டுச்சந்தில், இருபத்து மூன்று வீடுகள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கவுன்சில் ஒரு மரம் நடப்போகிறது. எந்த மரம் என்பதைக் குடியிருப்பவர்களே தேர்ந்தெடுக்கலாம். வீட்டுக்கு ஒரு போம், அதாவது படிவம், ஒரு வோட்டு. ஒன்று, கசங்கிய காகிதம் போல இளஞ்சிவப்பில் பூக்கும் கிரேப் மர்ட்டில். இன்னொன்று ஆலிவ். நடுவே ஒரு சனிக்கிழமை பூங்காவில் கூட்டம், மாதக் கடைசிக்குள் போமை அனுப்ப வேண்டும்.

சந்திரகலா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். கிரேப் மர்ட்டிலின் மகரந்தத்தைத் தேனீ தூக்கிக்கொண்டு போகும். ஆலிவின் மகரந்தத்தைக் காற்றுதான் தூக்கும். இருபத்து மூன்று ஆலிவ் மரங்கள், ஒன்று அவர்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே, வருஷா வருஷம் நவம்பரில். மேற்கே மைல்கணக்கில் கிடக்கும் புல்லை அவளால் ஒன்றும் செய்ய முடியாது. இதைச் செய்ய முடியும்.

ஆனால் அன்று மாலைக்குள்ளேயே தெருவில் ஆலிவுக்கு ஒருவர் வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை, செல்வரட்ணம் அங்கிள்தான்.

"அவர் இல்லேன்னா நான் இன்னைக்கு இல்லை. அவருக்கு எதிரா நீ வீடு வீடாப் போவியா?" என்றான் பாஸ்கர்.

"அவர் காப்பாத்தினதை வீணாக்க வேண்டாம்னுதான் போறேன். முதல்ல அவர் வீட்டுக்கே."

செல்வரட்ணம் மன்னாரிலிருந்து வந்தவர். ரயில் பெட்டி செய்யும் இடத்தில் முப்பது வருஷம் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யாராவது ஊருக்குப் போனால் அவர்கள் வீட்டுக் குப்பைத் தொட்டிகளை வெளியே வைத்து உள்ளே எடுப்பது அவர்தான். கதவைத் திறந்ததும், "வாங்கோ பிள்ளை, கதிரையில இருங்கோ," என்று உட்கார வைத்தார். அடுப்படிக் குசினிக்குள்ளிருந்து அவர் மனைவி அன்னமலர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். சிரிப்புக்குப் பின்னால் ஒரு நீண்ட இருமல் வந்தது.

சந்திரகலா சுற்றி வளைக்கவில்லை. பாஸ்கரின் பரிசோதனை முடிவைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டார். மனம் இளகியது முகத்தில் தெரிந்தது, ஆனால் மரத்தை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

காரணத்தை அவரே சொன்னார். 2019இல் மாதா கோயிலில் இருந்து ஒரு குழுவாகப் புனித பூமிக்குப் போனார்கள். அன்னமலருக்கு வெகுகாலமாக மூச்சு இழுப்பு. ஜெருசலேமில் கெத்சமனித் தோட்டத்தின் பழைய ஒலிவ மரங்களுக்கு, அவர் வாயில் ஆலிவ் ஒலிவ்தான், கீழே நின்று செல்வரட்ணம் மன்றாடினார். வாசலில் விற்ற ஒலிவ எண்ணெயை ஒரு சின்னப் போத்தலில் வாங்கினார். மறுநாளிலிருந்து படுக்கும் முன் மனைவியின் நெஞ்சில் தடவினார். மூன்று இரவு, ஒரு இருமல் இல்லை, ஒரு இழுப்பு இல்லை. திரும்பும்போது ஒரு ஒலிவக் கிளையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்து, மெல்பர்ன் விமான நிலையப் படிவத்தில் அதை மறைக்காமல் எழுதிக் கொடுத்தார். வெளிநாட்டுச் செடிகொடிக்கு அனுமதி இல்லை என்று அதிகாரி, நன்றி சொல்லி வாங்கிக் குப்பையில் போட்டாள்.

"கும்பிட்ட மரத்தைக் குப்பையில போட்டவள். அண்டைக்கே நேர்ந்துகொண்டனான், இந்த ரோட்டு முழுக்க ஒலிவ் நிக்க வேணுமெண்டு. என்ர பின்வளவில இரண்டு நட்டாச்சு. மிச்சத்துக்குக் கவுன்சிலே வழி விட்டிருக்கு."

"அந்த மூணு ராத்திரிக்கு அப்புறம் ஆன்ட்டிக்கு எப்படி இருந்துச்சு, அங்கிள்?"

"நாசரேத்துக்குப் போக எண்ணெய் முடிஞ்சிட்டுது. இழுப்புத் திரும்ப வந்திட்டுது," என்றார், அதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டுமா என்பது போல.

சந்திரகலா சாலை வடிவமைக்கும் பொறியாளர். ஒரு இடத்தில் தண்ணீர் தேங்கினால், சுற்றிலும் என்ன மாறியது என்று கேட்பது அவள் வேலைப் பழக்கம். அந்த மூன்று இரவும் எங்கே தங்கினீர்கள் என்று கேட்டாள். சாக்கடல் பக்கம் ஹோட்டல் கிடைக்கவில்லை, மேலே வனாந்தரத்தில் ஏதோ ஒரு ஊரில் போட்டார்கள், பார்க்க ஒன்றும் இல்லாத ஊர், பெயர் நினைவில்லை என்றார் அவர்.

குசினிக்குள்ளிருந்து அன்னமலரின் குரல் வந்தது. "அராத்."

மறுநாள் மதிய இடைவேளையில், அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்தபடியே அவள் அந்த ஊரைத் தேடினாள். தயிர்சாதம் காய்ந்தது. அவள் கவனிக்கவில்லை.

அராத் ஒரு பெரிய நகரமில்லை. முப்பதாயிரத்தை எட்டாத மக்கள். யூதேயப் பாலைவனமும் நெகேவ் பாலைவனமும் தொட்டுக்கொள்ளும் மேட்டில், சாக்கடலுக்கு மேற்கே இருபத்தைந்து கிலோமீட்டரில் உட்கார்ந்திருக்கிறது. கொஞ்ச தூரத்தில் பழைய அராத்தின் மண்மேடு, பைபிளில் ஒரு அரசனின் பேரோடு வருகிற இடம். ஆனால் இப்போதிருக்கும் நகரம் 1962 நவம்பரில் பிறந்தது. ஒரு திட்டக் குழு முதலில் அந்த இடத்துக்கே போய்த் தங்கி, காற்றையும் வெயிலையும் பார்த்து, பிறகுதான் கோடு போட்டது. வீடுகளை நெருக்கி, நடுவே முற்றங்களை விட்டு, பாலைக்காற்றுக்கு முதுகு காட்டிக் கட்டினார்கள். முதலில் குடியேற வந்தவர்களைப் பேட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று படித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆஸ்திரேலிய விசாவுக்கு மதிப்பெண் போடுவது போல அங்கேயும் பாயின்ட்ஸ் டெஸ்ட்தான்.

அந்தக் காற்றில் ஈரமில்லை, தூசி குறைவு, மகரந்தம் கிட்டத்தட்ட இல்லை. உலகமெங்கும் இருந்து ஆஸ்துமாக்காரர்கள் அங்கே மூச்சு விடப் போனார்கள். காற்றையே ஊரின் சொத்தாக நினைத்து, ஒவ்வாமை கிளப்பும் செடிகளை நடக்கூடாது என்று நகராட்சி விதி போட்டதாக ஒரு கட்டுரை சொன்னது. இன்னொரு கட்டுரை அதன் மறுபக்கத்தைச் சொன்னது. பல தேசங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்கள், வெறும் மண்ணைப் பார்க்கப் பொறுக்காமல், தங்களுக்குப் பிடித்த மரங்களை வீட்டுக்கு வீடு நட்டார்கள். தோட்டம் வளர வளர மகரந்தமும் வந்து சேர்ந்தது. பின்னாளில் பக்கத்தில் பாஸ்பேட் சுரங்கம் தோண்டும் திட்டம் வந்தபோது, தூசியை நினைத்து நகரத்தாரும் அக்கம்பக்கத்துப் பெதூயின் அரபுக் கிராமத்தாரும் வருஷக்கணக்கில் எதிர்த்து நின்றார்கள்.

சந்திரகலா டப்பாவை மூடினாள். எண்ணெய் இல்லை, ஊர். அன்னமலர் அந்த மூன்று இரவும் நன்றாகத் தூங்கியது அந்த மேட்டுக் காற்றில். ஒலிவத் தோப்புகள் சூழ்ந்த நாசரேத்துக்கு இறங்கியதும் இழுப்பு திரும்பிவிட்டது. செல்வரட்ணமோ அந்தக் குணத்தை மரத்தின் கணக்கில் எழுதி, இரண்டு மரத்தைக் கொண்டுவந்து சொந்த வீட்டுப் பின்வளவில் நட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து பாஸ்கரிடம் சொன்னாள். அவன் முகம் சுருங்கியது.

"இதை அவர்கிட்டச் சொல்லப் போறியா? உங்க பொண்டாட்டிக்கு நீங்களே இழுப்பைக் கொண்டுவந்தீங்கன்னு?"

அவள் யோசித்தாள். மரம் வரக்கூடாது என்பதில் சந்தேகமில்லை. அதற்காக, புருஷனைத் தூக்கிக்கொண்டு ஓடிய மனிதரை இந்தக் கோர்ட்டே பார்க்க வெட்டி வீழ்த்தவும் முடியாது.

"அராத்தைப் பத்திச் சொல்வேன். ஆன்ட்டி அங்க தூங்கினதைச் சொல்ல மாட்டேன்," என்றாள். அதோடு இன்னொரு எச்சரிக்கையும் கொடுத்தான் பாஸ்கர். அங்கே போர் நடக்கும் இந்த நேரத்தில் இஸ்ரவேல் நாட்டின் பேரை எடுத்தால் கூட்டத்தில் வேறு சண்டை கிளம்பும். கிளம்பினால் கிளம்பட்டும், நான் பேசுவது ஒரு ஊரின் மரங்களைப் பற்றி என்றாள் அவள்.

அடுத்த பத்து நாள், வேலை முடிந்து வந்ததும் பை வைத்த கையோடு கிளம்பிவிடுவாள். ஒற்றைத் தாளில் இரண்டு மரங்களின் படம், கீழே நான்கு வரி. சில வீடுகளில் உட்காரவைத்துக் கேட்டார்கள். சில வீடுகளில் கதவுக் கேமராவே பேசியது. மூலை வீட்டு நரசிம்மன் மட்டும் வாசலிலேயே நிறுத்தி வம்பு பண்ணினார். ஆலிவ் காய்த்தால் மாவடு மாதிரி உப்பில் ஊறப்போடலாம் என்று அவர் மனைவி இப்போதே ஜாடி பார்த்து வைத்திருக்கிறாளாம்.

"உங்க வீட்டுக்காரருக்கு ஒத்துக்கலேன்னா அவரை வீட்டுக்குள்ள வச்சுக்கோங்க. ஊறுகாய்க்கு ஏன் தடை?"

"போன வசந்தத்துல உங்க பொண்ணு கண்ணு வீங்கி ஒரு வாரம் ஸ்கூலுக்குப் போகலையே சார், அவளையும் ஜாடிக்குள்ள வச்சிடலாமா?"

நரசிம்மன் சிரித்துவிட்டார். ஆனாலும் அவர் ஆலிவ் பக்கமே என்று மறுநாள் தெரிந்தது. செல்வரட்ணம் அவருடைய கூரைத் தண்ணீர்க் குழாயைச் சரி செய்து கொடுத்திருந்தார்.

பாஸ்கருக்கு இந்த அலைச்சல் பிடிக்கவில்லை. தன் நுரையீரலைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிகிறாள் என்று ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். மறுநாள் சாயங்காலம் அவளுக்கு முன்பே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். அன்று இரண்டு வீடு அவர்கள் பக்கம் வந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததை அவனே தன் வாயால் சொன்னான்.

சனிக்கிழமை காலையில் பூங்காவில் கூட்டம். கவுன்சிலின் மர அலுவலர், வெயில் தொப்பி போட்ட ஒரு இளம்பெண், இரண்டு மரங்களையும் தொட்டியில் கொண்டுவந்து வைத்திருந்தாள். செல்வரட்ணம் முதலில் பேசினார். ஆங்கிலத்தில், எளிமையாக. ஒலிவ் சமாதானத்தின் மரம், தண்ணீர் கேட்காத மரம், ஆயிரம் வருஷம் நிற்கும், நமக்குப் பிறகும் நம் பிள்ளைகள் பார்க்கலாம் என்றார். கைதட்டினார்கள். சந்திரகலாவே தட்டினாள்.

பிறகு அவள் எழுந்து அராத்தின் கதையைச் சொன்னாள். அந்த நாட்டின் பெயர் வந்ததும் பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை, நிறுத்தவும் இல்லை. அங்கே ஒரு சின்ன ஊர், தன்னிடம் இருக்கும் ஒரே செல்வம் காற்று என்று கண்டுகொண்டது, அதற்கு வேலி போட நினைத்தது, தங்களுக்குப் பிடித்த மரங்களால் தாங்களே கொஞ்சம் இழந்தது, மிச்சத்துக்காகச் சுரங்கத்தோடு சண்டை போட்டது என்றாள். நம் கோர்ட்டுக்கு அவ்வளவு பெரிய சண்டை தேவையில்லை, ஒரு போமில் ஒரு டிக் போதும் என்றாள். முன்வரிசையில் மடக்கு நாற்காலியில் அன்னமலர் உட்கார்ந்திருந்தார். அவர் பார்வை சந்திரகலாவின் முகத்தைவிட்டு நகரவில்லை.

செல்வரட்ணம் கை தூக்கினார். அராத் என்ற பெயர் அவருக்கு எதையோ நினைவுபடுத்தியது போல நெற்றியைச் சுருக்கினார்.

"அந்த அராத் அரசன் இஸ்ரவேலரோட சண்டை பிடிச்சுத் தோத்தவன், பிள்ளை. பைபிளில இருக்கு," என்றார் தமிழில். பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, தன் மனைவிக்குச் சுகம் கொடுத்தது ஒலிவ்தான், அதற்குத் தானே சாட்சி என்றார்.

பாஸ்கர் மனைவியைப் பார்த்தான். அவள் நாக்கு நுனிவரை வந்தது. அந்தச் சுகம் எந்த ஊரில் கிடைத்தது என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், கூட்டமே திரும்பிவிடும். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். "ஆன்ட்டி நல்லா இருக்கணும்னுதான் நானும் நினைக்கிறேன், அங்கிள்," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை விரல் விட்டு எண்ணினாள். தன் வீட்டையும் சேர்த்துப் பதினொன்று. செல்வரட்ணத்துக்குப் பன்னிரண்டு. இருந்த நான்கு நாளில் அந்தப் பன்னிரண்டில் ஆறு வீட்டுக் கதவை மறுபடி தட்டினாள். யாரும் அசையவில்லை. கடைசி நாள் தன் போமைத் தபால் பெட்டியில் போட்டாள். தோற்றால் அடுத்து என்ன என்றும் அப்போதே முடிவு செய்தாள். தன் வாசலில் மட்டுமாவது மரம் வேண்டாம் என்று மருத்துவர் கடிதத்தோடு மனுப்போடுவது. அதுவும் நடக்காவிட்டால் மேலே போவது. வீட்டை விற்பதில்லை.

டிசம்பர் இரண்டாம் வாரம் முடிவு வந்தது. இருபத்து மூன்று போம்களும் வந்து சேர்ந்திருந்தன. ஆலிவ் பதினொன்று. கிரேப் மர்ட்டில் பன்னிரண்டு.

அவள் மூன்று முறை படித்தாள். பாஸ்கர் வாங்கிப் படித்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

அரைமணி நேரத்தில் வாசல் மணி அடித்தது. செல்வரட்ணமும் அன்னமலரும். அவர் கையில் ஒரு பை நிறையப் பின்வளவுத் தோடம்பழம், அவர் வீட்டு ஆரஞ்சு. வென்றவர்களுக்கு வாழ்த்துச் சொல்ல வந்ததாகச் சொன்னார். குரலில் விறைப்பு இருந்தாலும் பொய் இல்லை. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார், ஆனால் மனது உட்காரவில்லை. மடித்து வைத்திருந்த தாளை எடுத்து மேசையில் விரித்தார். தனக்கு வாக்குக் கொடுத்த பன்னிரண்டு வீட்டு இலக்கங்கள்.

"பன்னிரண்டு பேர் எனக்கு முகத்துக்கு நேர சொன்னவை. ஒராள் மாறியிருக்கினம். நரசிம்மன் கோயிலடியில வைச்சுச் சத்தியம் பண்ணுறார், தான் இல்லையெண்டு. ஏழாம் நம்பர் அழாக்குறையா நிக்குது. நீங்கள் ஆரை மாத்தினனீங்கள், பிள்ளை? கோவம் இல்லை. தெரிஞ்சால் காணும்."

"சத்தியமா எனக்குத் தெரியாது, அங்கிள். உங்க பன்னிரண்டு பேர்ல ஒருத்தரையும் என்னால அசைக்க முடியலை."

அவர் பேனாவை எடுத்து, ஒவ்வொரு இலக்கமாகத் தொட்டு, இவர் இருக்காது, இவரும் இருக்காது என்று கீழே இறங்கிக்கொண்டே போனார். கடைசி வரியில் அவருடைய சொந்த வீட்டு இலக்கம் இருந்தது. அதைத் தொடாமலே தாளை மடிக்கப் போனார். அன்னமலர் அவர் கையை மெல்லப் பிடித்து நிறுத்தினார்.

"எங்கட வீட்டுப் போமை நிரப்பி அனுப்பினது நான், அப்பா, எனக்கு இன்னும் கொஞ்சக் காலம் மூச்சு விட ஆசையாக் கிடக்கு."